ஆரஞ்சுப் பையில் மூன்று படி அரிசி

என் கழுத்தைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் மற்றது எதுவும் விளங்காது. எண்பதுகளின் தொடக்கத்தில் தென்காசியில் ஒரு பெண்கள் பள்ளியில் நான் அறிவியல் ஆசிரியை. வயது முப்பத்தைந்து. கழுத்தெலும்பில் தேய்மானம். பாளையங்கோட்டை டாக்டர் ஒரு வெள்ளைப் பட்டையைக் கழுத்தில் மாட்டிவிட்டு, "தலையில ஒரு செம்புத் தண்ணிகூட ஏத்தக் கூடாது" என்று சொல்லி அனுப்பினார். பட்டையோடு வகுப்புக்குப் போன முதல் நாளே ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் எனக்கு ஒட்டகச்சிவிங்கி என்று பெயர் வைத்துவிட்டார்கள். வைத்தவள் யார் என்றும் எனக்குத் தெரியும். கெட்டிக்காரி என்பதால் விட்டுவிட்டேன்.

கழுத்து வலியை எப்படியோ பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாதது வேறொன்று. குற்றாலத்து மலைமேல் இருக்கிற செண்பகாதேவி அம்மனுக்கு நான் ஒரு நேர்த்திக்கடன் வைத்திருந்தேன். அது ஐந்தாறு வருஷமாக அப்படியே கிடந்தது.

எழுபதுகளின் கடைசியில் என் மகளுக்கு மூளைக்காய்ச்சல் வந்தது. அப்போது அவளுக்கு மூன்றரை வயது. பதினொரு நாள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண் திறக்காமல் கிடந்தாள். என் கணவரின் அக்கா, எனக்கு மதினி, பண்பொழியிலிருந்து வந்து கூடவே இருந்தாள். தினமும் காலையில் தென்காசிக் கோயில் திருநீறைப் பிள்ளையின் நெற்றியில் பூசுவாள். நான் பூசுவதில்லை. நான் பிள்ளையின் இடுப்பைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஊசி போடுவதற்காக நர்ஸ் அவளைத் திருப்பும்போதெல்லாம் இடுப்பெலும்பு இரண்டும் தாம்பாளத்தின் விளிம்பு மாதிரித் துருத்திக்கொண்டு நிற்கும். நாளுக்கு நாள் அந்த விளிம்பு கூர்மையாகிக்கொண்டே வந்தது. ஒன்பதாம் நாள் அந்த எலும்பின்மேல் கையை வைத்துக்கொண்டு, மதினி பக்கத்தில் இருக்கும்போதே, வாய்விட்டுச் சொன்னேன். "செண்பகாதேவி, இவ பொழச்சு, என்கூட நடந்து ஒன் மலைக்கு வரட்டும். மூணு படி அரிசியும் பானையும் நானே சொமந்து வாரேன். ஒன் வாசல் வரைக்கும் மண்ணுல வைக்க மாட்டேன். வேற கையில குடுக்க மாட்டேன்."

அறிவியல் டீச்சருக்கு நேர்த்திக்கடனா என்று கேட்கிறவர்களிடம் நான் வாதாடுவதில்லை. அந்தக் கட்டில் பக்கத்தில் ஒன்பது நாள் உட்கார்ந்துவிட்டு வந்து கேட்கட்டும்.

பிள்ளை பிழைத்தாள். கால் தேறி, பேச்சுத் தேறி, பள்ளிக்கூடம் போகிற அளவுக்கு வர ஒன்றரை வருஷம் ஆயிற்று. மலைக்குப் போகலாம் என்று நாள் பார்த்தபோது என் கழுத்து மக்கர் செய்தது. தலையில் தூக்க முடியாது. இடுப்பில் குடம் மாதிரி வைத்து நடந்து பார்த்தேன். ஒரு தெரு தாண்டுவதற்குள் வலது கட்டைவிரல் மரத்து, அப்படியே முழங்கை வரை செத்துப்போயிற்று. என் கணவர், "நான் சொமக்கேன். புருசன் பெஞ்சாதி ரெண்டு பேரும் ஒரு ஒடம்புதானே" என்றார். சேலை துவைக்கிற விஷயத்தில் இந்த ஒரே உடம்பு அவருக்கு ஞாபகம் வந்ததே இல்லை. "வேண்டிக்கிட்டது நான்" என்று சொல்லிவிட்டேன்.

மதினி குறை சொல்ல மாட்டாள். ஆனால் பிள்ளைக்கு ஒரு சளி, ஒரு காய்ச்சல் என்றால் பண்பொழியிலிருந்து வந்து நிற்பாள். தொட்டுப் பார்ப்பாள். பிறகு என் கழுத்துப் பட்டையைப் பார்ப்பாள். ஒரு வார்த்தை பேசாமல் காபி குடித்துவிட்டுப் போவாள். அதற்குத் திட்டிவிட்டுப் போயிருக்கலாம். ஒவ்வொரு காய்ச்சலுக்கும் எனக்கு அம்மன் ஞாபகம் வரும். கொடுத்ததைத் திரும்பக் கேட்டால் என்ன செய்வது என்று, நியூட்டன் விதியைக் கரும்பலகையில் எழுதிக்கொண்டே நினைத்திருக்கிறேன்.

இதையெல்லாம் ஒருநாள் பள்ளியில் கணக்கு டீச்சரிடம் சொன்னேன். அவள் கடையநல்லூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவள். அவளுடைய கணவர் வளைகுடாவில் ஒரு கட்டடக் கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். மூன்று மாத விடுப்பில் ஊருக்கு வந்திருந்தார். கணக்கு டீச்சர் நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, விடைத்தாள் திருத்துவதை நிறுத்தினாள். "டீச்சர், தலையிலயும் வேண்டாம், ஒத்த இடுப்புலயும் வேண்டாம். எங்க வீட்டுல ஒரு பை கெடக்கு. அவுக கூட வேலை பாத்த வெள்ளைக்காரன் ஊருக்குப் போகும்போது குடுத்தது. அத மாட்டிக்கிட்டு மலையெல்லாம் ஏறுவானாம்" என்றாள்.

அடுத்த சனிக்கிழமை மதியம், பள்ளி விட்ட பிறகு, கணவனும் மனைவியும் அந்தப் பையோடு அறிவியல் ஆய்வகத்துக்கு வந்தார்கள்.

பை ஆரஞ்சு நிறம். முதுகுப் பக்கம் அலுமினியச் சட்டம். முகப்பில் இரண்டு பெரிய பாக்கெட்டுகள், ஜிப் வைத்தது. தோள் வார்களில் மார்புக்கு நேரே இன்னும் இரண்டு சின்ன பாக்கெட்டுகள். அடியில் அகலமாக, பஞ்சு வைத்துத் தைத்த ஒரு இடுப்புப் பட்டை; அதைப் பூட்ட ஒரு உலோகப் பக்கிள். எங்கே பார்த்தாலும் வார், வாரின் நுனியில் வார். எங்கள் வீட்டுக் காளைக்குக்கூட அத்தனை கயிறு கிடையாது என்று நான் சொன்னேன். கணக்கு டீச்சரின் கணவர் சிரிக்கவில்லை. பொருளை மதிக்கிற மனிதர். பையின் வெளிப்பக்கம் தோலில் இரண்டு சின்னத் துண்டு வைத்துத் தைத்திருந்தது. சட்டைப் பையிலிருந்து பிளேடை எடுத்து அதன் தையலைப் பிரித்துக்கொண்டே, "கோயிலுக்குப் போகுதுல்லா, தோல் வேண்டாம்" என்றார். அவர் பள்ளிவாசலுக்குப் போகிறவர். அவருடைய பை, எங்கள் கோயில். நான் கேட்காமலே அதை யோசித்து வந்திருந்தார்.

சோதனைக்கு ஆய்வகத்து இரும்பு எடைக்கற்களை எடுத்தேன். பன்னிரண்டு கிலோ. கைக்கு எட்டுகிற இடம் என்பதால் பெரிய கற்களை முகப்பு பாக்கெட்டுகளில் வைத்தேன். மாட்டி நிமிர்ந்தேன். யாரோ பின்னாலிருந்து கொண்டையைப் பிடித்து இழுத்த மாதிரி இருந்தது. இரண்டு எட்டு பின்னால் போய்ச் சுவரில் முட்டினேன். எட்டாம் வகுப்புக்கு வருஷா வருஷம் நெம்புகோல் நடத்துகிறவள் நான். கணக்கு டீச்சர் சுவரைப் பார்த்துத் திரும்பிச் சிரித்தாள்.

அவர் என் பக்கம் வரவில்லை. சோதனை மேசைக்கு அந்தப் பக்கமே நின்றுகொண்டு சொன்னார். "கனமெல்லாம் முதுக ஒட்டி இருக்கணும் டீச்சர். வெளிய இருக்க பாக்கெட்டுல துணிமணி மாதிரி லேசானது மட்டும் வைங்க. கைக்கு வேண்டியத நெஞ்சு பாக்கெட்டுல வச்சுக்கிடுங்க."

கற்களை மாற்றினோம். அடுத்து அவர் பையைத் தன் முதுகில் மாட்டி ஒருமுறை செய்து காட்டினார். பிறகு நான் மாட்ட, அவர் சொல்லச் சொல்ல அவர் மனைவி எனக்குச் செய்தாள்.

"மொதல்ல எல்லா வாரையும் தளத்திருங்க. ஒண்ணு விடாம."

தளர்த்தினோம். பாரம் முழுக்கத் தோளில் தொங்கியது. கட்டைவிரல் மரக்கத் தொடங்கியது.

"இப்ப குனியுங்க. நல்லா. கோயில்ல விழுந்து கும்புடுததுக்கு முன்னால குனிவோம்லா, அப்படி. பை முதுகுல படுத்துக்கிடும். வார்ல இழுவை இருக்காது. அப்பத்தாம் கட்டணும்."

குனிந்தேன். பை முதுகின்மேல் படுத்துக்கொண்டது. தோளில் இழுவை போயிற்று.

"இடுப்பெலும்பத் தேடிப் பிடிங்க. ரெண்டு பக்கமும் மேல ஒரு விளிம்பு மாதிரி இருக்கும். பட்டை அதுக்கு மேலயும் போகக் கூடாது, கீழயும் எறங்கக் கூடாது. அந்த விளிம்பு மேல உக்காரணும்."

விளிம்பு என்ற சொல்லைக் கேட்டதும் கட்டிலில் கிடந்த பிள்ளைதான் கண்ணுக்குள் வந்தாள். கணக்கு டீச்சர் என் சேலைக் கொசுவத்தை ஒதுக்கி, எலும்பைத் தடவிப் பிடித்து, பட்டையை அதன்மேல் வைத்து இறுக்கினாள். மூச்சு முட்டும்படி இறுக்கினாள்.

"இப்ப நிமிருங்க. கடைசியாத் தோள் வாரை லேசா இழுங்க. கட்டிப்பிடிக்க வேண்டாம், தொட்டுக்கிட்டு இருந்தாப் போதும்."

நிமிர்ந்தேன்.

அந்த நிமிஷத்தை எப்படி எழுதுவது என்று இத்தனை வருஷம் கழித்தும் எனக்குத் தெரியவில்லை. பாரம் போய்விட்டது. பன்னிரண்டு கிலோ இரும்பு என் முதுகில் இருந்தது. நான்தான் எண்ணி வைத்தேன். ஆனால் கழுத்தில் இல்லை, தோளில் இல்லை. எல்லாம் இடுப்பில் இறங்கி, காலில் இறங்கி, சிமெண்டுத் தரைக்குள் போய்விட்டது. இடுப்பு அதை இரண்டு பக்கமும் சமமாக வாங்கிக்கொண்டது. குடத்தையும் பிள்ளையையும் சுமந்து பழகிய இடுப்புக்கு இதெல்லாம் முன்பே தெரியும் போலிருந்தது. எனக்குத்தான் தெரியாமல் இருந்திருக்கிறது. கட்டைவிரலை மடக்கி நீட்டினேன். உயிர் இருந்தது.

ஆய்வகத்தைச் சுற்றி வந்தேன். பிறகு வராந்தாவுக்குப் போனேன். ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு நடந்து திரும்பினேன். கணக்கு டீச்சர் வாசலில் நின்று, "போதும் டீச்சர், பஸ் போயிரும்" என்றாள். எனக்குக் கழற்ற மனசே இல்லை. கண்ணில் தண்ணீர் வந்தது, மறைக்கவும் தோன்றவில்லை. அவர் ஜன்னல் பக்கம் திரும்பி வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதன் பிறகு இரண்டு வாரம் தினமும் காலை ஐந்தரைக்குப் பையில் எடைக்கற்களைப் போட்டுக்கொண்டு ரத வீதியைச் சுற்றினேன். தென்காசிக் கோபுர வாசலில் எப்போதும் ஒரு காற்று இருக்கும். வெளியிலிருந்து போகும்போது எதிர்த்துத் தள்ளும், உள்ளே ஒரு இடத்துக்கு வந்ததும் பின்னாலிருந்து தள்ளும். பையோடு அந்தக் காற்றுக்குள் நின்று பார்த்தேன். ஆடவில்லை. பால்காரர் சைக்கிளை நிறுத்தி, "டீச்சர் துபாய் போறீயளா?" என்று கேட்டார். ஆமாம், நடந்தே போகிறேன் என்றேன். நம்பிவிட்டார் என்றுதான் நினைக்கிறேன்.

ஆவணி மாதக் கடைசி வெள்ளி. சாரல் ஓய்ந்து வானம் வெறித்திருந்தது. ஆனால் அருவியில் தண்ணீருக்குக் குறைவில்லை. நான், கணவர், ஒன்பது வயது மகள், மதினி, நாலு பேரும் விடியற்காலையில் குற்றாலம் போய்ச் சேர்ந்தோம். மதினி தன் பங்குக்கு ஒரு ஓலைப்பெட்டியில் பூசைச் சாமானும் விறகும் வைத்திருந்தாள். பண்பொழித் திருமலைக் கோயிலுக்கு மாசாமாசம் தலைச்சுமையோடு படியேறுகிறவள் அவள். என் பையை அவள் அன்றுதான் பார்த்தாள். சுற்றி வந்தாள். மஞ்சள் தண்ணீர் தெளித்தாயிற்று, தோல் கிடையாது என்று நான் முந்திக்கொண்டு சொன்னேன்.

"வெள்ளைக்காரன் பைல அம்மனுக்கு அரிசி" என்றாள். பிறகு தன் முந்தானையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பொட்டலத்தை அவிழ்த்தாள். தென்காசிக் கோயில் திருநீறு, உள்ளங்கை நிறைய இருக்கும். அதை என் நெஞ்சு பாக்கெட்டில் திணித்து ஜிப்பை இழுத்தாள். "காவலா இருக்கட்டும்" என்றாள்.

சுமை எடுப்பதற்கு முன்னால் பேரருவியில் குளித்து, ஈரச்சேலையோடு எடுக்க வேண்டும். குற்றாலத்தில் குளிப்பது என்றால் எண்ணெய் தேய்த்துக் குளிப்பது. எண்ணெய் இல்லாமல் அருவியில் போய் நிற்கிறவர்களை எங்கள் பக்கத்தில் வெளியூர்க்காரர்கள் என்போம். தலையிலிருந்து கால்வரை நல்லெண்ணெயை ஊற்றி, மதினி எனக்கும் பிள்ளைக்கும் தேய்த்துவிட்டாள். கழுத்தில் தண்ணீர் நேராக விழக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால் நான் ஓரத்துத் தாரையில் முதுகைக் கொடுத்து நின்றேன். மேலே பொங்குமாங்கடல் என்கிற பாறைக்குழி நிறைந்து, அது வழிந்து, அவ்வளவு தண்ணீரும் எங்கள்மேல் வந்து விழுந்தது. என் பிள்ளை அதற்குள் நின்று வாயைத் திறந்து கத்திக்கொண்டிருந்தாள்; சத்தம் கேட்கவில்லை, பல் மட்டும் தெரிந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் பதினொரு நாள் கிடந்தவள் இவள்தானா என்று நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

கரையேறியதும், ஒரு கல்மேடையில் வைத்திருந்த பைக்கு முன்னால் நின்றேன். வெண்கலப் பானை முதுகை ஒட்டி, பானைக்குள் அரிசி, அதைச் சுற்றி வெல்லமும் தேங்காயும். முகப்பு பாக்கெட்டுகளில் மாற்றுச்சேலையும் பிள்ளையின் பாவாடை சட்டையும். மாட்டினேன், குனிந்தேன், எலும்பைப் பிடித்தேன், இறுக்கினேன், நிமிர்ந்தேன். இனி கோயில் வாசல்வரை மண்ணில் வைக்கக்கூடாது. வேறு கை படக்கூடாது. பிள்ளை முன்னால் நடந்தாள்.

சிற்றருவி தாண்டும்வரை நான் ராணி மாதிரி நடந்தேன். அதற்குப் பிறகு ஏற்றம். வேர்களும் பாறைகளும்தான் படி. அப்போதுதான் முதலில் உணர்ந்தேன். பட்டை ஒரு விரற்கடை இறங்கியிருந்தது. வார் நுனியைப் பிடித்து இழுத்தேன். சரியாயிற்று. பத்து எட்டு வைத்ததும் மறுபடி இறங்கியது. இழுத்தேன். இந்தமுறை ஐந்து எட்டு. இரண்டு வாரம் ரத வீதியில் ஒரு நூல் இறங்காத பட்டை, அன்றைக்குப் பார்த்துப் பாம்பு மாதிரி வழுகுகிறது.

வலது கட்டைவிரலில் எறும்பு ஊர ஆரம்பித்தது.

என்ன என்று புரிய எனக்கு இன்னும் கொஞ்ச தூரம் ஆயிற்று. என் ஈரச்சேலை முழுக்க எண்ணெய். முதுகில் தொங்கிய ஈரமுடி முழுக்க எண்ணெய். வாரை இழுத்த விரல் முழுக்க எண்ணெய். நைலான் வார் அத்தனையையும் குடித்துவிட்டு, பிடித்து நிறுத்த வேண்டிய பக்கிளுக்குள் வழுகி வழுகிப் போய்க்கொண்டிருந்தது. அந்த வெள்ளைக்காரன் இதில் எத்தனை மலை ஏறியிருந்தாலும், நல்லெண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு ஒன்றுகூட ஏறியிருக்க மாட்டான். ஒத்திகை பார்த்த பதினான்கு நாளில் ஒருநாளாவது எனக்கு இது தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. இங்கே பிறந்து வளர்ந்தவளுக்குக் குற்றாலத்தில் எண்ணெய் என்பது தனியாக யோசிக்கிற விஷயமே கிடையாது.

பாரம் மெல்ல மெல்ல இடுப்பை விட்டுத் தோளுக்கு ஏறி வந்தது. மரப்பு மணிக்கட்டைத் தாண்டிற்று. நின்றேன்.

"என்ன?" என்றார் கணவர்.

"பட்டை நிக்கல."

"நான் இழுத்துக் கட்டுதேன்" என்று கையை நீட்டிக்கொண்டு வந்தார்.

"கை படக் கூடாது" என்றாள் மதினி, பெட்டியைத் தலையில் வைத்தபடியே.

"பைலதானக்கா தொடுதேன், அரிசியிலயா தொடுதேன்?"

"அவ சொன்னத நான் கேட்டேன். வேற கைன்னா வேற கைதாம்."

பக்கத்தில் இடுப்புயரத்துக்கு ஒரு பாறை இருந்தது. பையை அதில் சாய்த்தால் வாரைத் துடைத்துக் கட்டலாம். நான் பாறையைப் பார்ப்பதை மதினி பார்த்துவிட்டாள். "பாறையும் மண்ணுதானளா" என்றாள். அவள் குரலில் அதிகாரம் இல்லை; அழுதுவிடுவாள் போலிருந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை வருஷம் காய்ச்சலுக்கெல்லாம் ஓடிவந்து வாய் பேசாமல் திரும்பிப் போனாளே, அவளும் என்னைப் போலவே பயந்துகொண்டுதான் இருந்திருக்கிறாள்.

பிள்ளை மேலே ஒரு வேரில் நின்று எங்களைப் பார்த்தாள். அவளுக்கு நேர்த்திக்கடன் விவரம் எதுவும் தெரியாது. "என்னம்மா, நடக்க முடியலையா?" என்றாள். அந்தக் கேள்வி எனக்குத் தாங்கவில்லை. ஐந்தாறு வருஷத்துக்கு முன்னால் அதையே நான் அவளிடம் கேட்டிருக்கிறேன்.

"சும்மா இரிங்க எல்லாரும்" என்றேன். யாரும் பேசவில்லை என்பது அப்புறம்தான் ஞாபகம் வந்தது.

குனிந்தேன். ஆய்வகத்தில் குனிந்த மாதிரி, முழுக்க. பை முதுகின்மேல் படுத்தது. பானை என் முதுகெலும்பில் உட்கார்ந்தது. வாரில் இழுவை போயிற்று. மண்ணைப் பார்த்தபடி இரண்டு கையையும் சேலையில் துடைத்தேன்; சேலையிலும் எண்ணெய். துடைக்கக் காய்ந்த துணி முகப்பு பாக்கெட்டில் இருக்கிறது, என் கைக்கு எட்டாது; எடுத்துத் தர ஒரு கை பையைத் தொட வேண்டும். கைக்கு எட்டுவது நெஞ்சு பாக்கெட் மட்டும். அதில் கற்பூரம், தீப்பெட்டி, மதினி வைத்த திருநீறு.

எண்ணெய்ப் பிசுக்குப் பாத்திரத்தில் சாம்பல் என்ன செய்யும் என்று தெரியாத பெண் உண்டா. பல்லால் பொட்டலத்தைக் கிழித்தேன்.

கிழித்த பிறகு கை நின்றுவிட்டது. அது சாம்பல் மட்டும் இல்லையே. கட்டிலில் பதினொரு நாள் பிள்ளையின் நெற்றியில் பூசிய அதே திருநீறு. குனிந்த நிலையிலேயே தலையைத் திருப்பி மதினியின் காலைப் பார்த்து, "மதினி, வாருல பூசப் போறேன்" என்றேன்.

அவள் கால் அசையவில்லை.

"பூசு" என்றாள் கடைசியில். "நல்லா அழுத்திப் பூசு."

வாரின் இரண்டு பக்கமும் பூசினேன். பக்கிளுக்குள் விரலைவிட்டுப் பூசினேன். விரலில் பூசினேன். திருநீறு எண்ணெயைக் குடித்துக் களிம்பாகி, பிறகு காய்ந்து, சொரசொரப்பாகிற வரை தேய்த்தேன். எலும்பைத் தேடிப் பிடித்து, பட்டையை அதன்மேல் ஏற்றி, பல்லைக் கடித்து இழுத்தேன். மிஞ்சிய வார் நுனியைப் பக்கிளுக்குள் இன்னொரு சுற்றுத் திருப்பி நுழைத்தேன். நிமிர்ந்தேன். பட்டை நின்றது. பாரம் கழுத்தை விட்டு, தோளை விட்டு, படிப்படியாக இறங்கித் தன் இடத்தில் போய் உட்கார்ந்தது.

பத்து எட்டு வைத்தேன். இருபது வைத்தேன். இறங்கவில்லை.

அப்போதுதான் தலையைத் தூக்கினேன். அந்தப் பாதையில் நான் சிறுபெண்ணாக எத்தனையோ தடவை சுமையோடு ஏறியிருக்கிறேன். ஒருதடவைகூட மேலே பார்த்ததில்லை. தலையில் பெட்டி இருந்தால் பார்க்கவும் முடியாது. மரங்கள் அவ்வளவு உயரம் என்று எனக்குத் தெரியாது. நுனி எங்கே முடிகிறது என்று கண் போய்த் தேட வேண்டியிருந்தது. மேலே இலைக்கூட்டத்துக்கு நடுவில் ஒரு சின்ன நீல வானம். அதிலிருந்து ஒரு வெயில் கீற்று இறங்கி, அருவிப் புகையில் பட்டு, நின்ற இடத்திலேயே மிதந்துகொண்டிருந்தது. வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். இந்த மலை இவ்வளவு நாளும் தலைக்குமேல் இப்படி இருந்திருக்கிறது.

"என்னளா பாக்க?" என்றாள் மதினி.

"மேல."

"மேல என்ன இருக்கு?"

"பெட்டிய எறக்குன பிறகு பாருங்க மதினி" என்றேன்.

செண்பகாதேவி வாசலில் பூசாரி கைகாட்டிய கல்லில் உட்கார்ந்து பக்கிளை விடுவித்தேன். பை தானாகக் கல்லில் சாய்ந்தது. அவ்வளவுதான், முடிந்துவிட்டது. இத்தனை வருஷம் நினைத்து நடுங்கிய விஷயம் ஒரு சின்ன உலோகச் சத்தத்தோடு முடிந்துபோனது. மதினி பெட்டியை இறக்கி வைத்தாள். சும்மாட்டை உதறி இடுப்பில் செருகினாள். பிறகு இரண்டு கையையும் இடுப்பில் ஊன்றி, மெதுவாகத் தலையைப் பின்னால் சாய்த்து மேலே பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பொங்கல் பானை வைக்கக் கல் கூட்டும்போது அவள் கை என் தோளில் இருந்த வார்த் தடத்தை ஒருமுறை தடவிவிட்டுப் போனது.

பொங்கிற்று, படைத்தோம், சாப்பிட்டோம். இறங்குகிற நேரம். பானையைக் கணவர் எடுத்துக்கொண்டார். இனி எந்தக் கையும் படலாம். பை காலியாகக் கிடந்தது. பிள்ளை அதை எடுத்து மாட்டிக்கொண்டு வந்து என் முன்னால் நின்றாள். அலுமினியச் சட்டம் அவள் முழங்கால் பின்பக்கத்தில் இடித்தது.

"எனக்கும் ஒன்ன மாதிரிக் கட்டிவிடும்மா."

எல்லா வாரையும் தளர்த்தி, பிறகு கடைசி நுனி வரை இழுத்தேன். தோள் வாரைக் குறுக்கினேன். குனியச் சொன்னேன்; குனிந்தாள். பட்டையை இடுப்பைச் சுற்றிக் கொண்டுவந்தேன். அது உட்கார வேண்டிய இடத்துக்காக இரண்டு கையாலும் அவள் இடுப்பெலும்பைத் தேடினேன்.

கிடைக்கவில்லை.

கண்ணை மூடிக்கொண்டே காட்டக்கூடிய இடம் அது எனக்கு. கையை அங்கேதான் வைத்தேன். பாவாடைக்குள் மெத்தென்று சதைதான் தட்டுப்பட்டது. அழுத்திப் பார்த்தேன். கொஞ்சம் கீழே பார்த்தேன். அந்தத் தாம்பாள விளிம்பு எங்கேயோ உள்ளே போய் மறைந்திருந்தது.

"கூசுது" என்று நெளிந்தாள். "என்னத்தம்மா தேடுத?"

"ஒன் எலும்ப."

"கெடைக்கலைன்னா விடும்மா" என்றாள்.

நான் கையை எடுக்கவில்லை. அந்த ஈரப் பாறையில் முட்டிபோட்டு, அவள் இடுப்பை இரண்டு பக்கமும் பிடித்தபடி அப்படியே இருந்தேன்.